பூஸ்டருக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டிக்குத் தெரிந்த மின்சார நோய் ஒன்றே ஒன்றுதான், லோ வோல்டேஜ். பல்பு மங்கினாலும் லோ வோல்டேஜ், ரேடியோ கரகரத்தாலும் லோ வோல்டேஜ். ஒருமுறை எனக்குத் தலை சுற்றியபோதுகூட அவர் பூஸ்டர் பெட்டியைத்தான் திரும்பிப் பார்த்தார். அவர் கைவசம் இருந்த மருந்தும் ஒன்றுதான். பூஸ்டரின் திருகை ஒரு படி ஏற்றுவது.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. சுந்தரபாண்டியத்தில் மின்கம்பி போய் முடிகிற கடைசி வீடு எங்களுடையது. அதற்கப்பால் பருத்திக்காடுதான். பகல் பன்னிரண்டு மணிக்கு மோட்டார் கரண்ட் விடுவார்கள். ஊரிலுள்ள கிணற்று மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்ததும் எங்கள் வீட்டுப் பல்பு சிவந்து சுருங்கிவிடும். அதற்காக வாங்கியதுதான் பூஸ்டர். இரும்புப் பெட்டி, முன்பக்கம் ஒரு திருகு, அதற்கு மேலே கண்ணாடிக்குள் ஒரு முள். எவ்வளவு வோல்டேஜ் வருகிறது என்று முள் காட்டும், குறைகிறதைத் திருகு ஏற்றிக் கொடுக்கும். ஒரே ஒரு ஆபத்து உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார்கள் எல்லாம் நின்றதும் வோல்டேஜ் குபீரென்று ஏறும். உடனே ஓடிப்போய்த் திருகை இறக்காவிட்டால் டிவி போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் தெருவில் மூன்று டிவி அப்படிப் போயிருக்கிறது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஐப்பசி. என் நாத்தனார் பரிபூரணம் அமெரிக்காவிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பருத்தியைத் தின்கிற புழுவைப் பற்றி அவள் அங்கே ஆறு வருஷமாக டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி அத்தியாயத்துக்கு நம் ஊர்ப் புழுதான் வேண்டுமென்று வந்து, காடு காடாகப் போய்ச் செடிக்குச் செடி குனிந்து எண்ணினாள். ஊரே அவளைப் புழு டாக்டர் என்றது. அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

எண்ணியதையெல்லாம் எழுத மடியில் வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்றும், அடித்துக் கொடுக்க ஒரு பிரிண்டரும் கொண்டுவந்திருந்தாள். கம்ப்யூட்டர் எந்தக் கரண்டையும் குடிக்குமாம். பிரிண்டர் மகாராணி. அமெரிக்காவின் நூற்றிருபது வோல்ட்டைத் தவிர வேறெதையும் தொடாது. அதற்கென்று அரைச் செங்கல் அளவில் ஒரு கன்வெர்ட்டர். நம் கரண்டை வாங்கிப் பாதியாக்கி அதற்கு ஊட்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் முதல்முறையாக அதை மாட்டினோம். நம் வீட்டுக்கு வந்ததே நூற்றிருபது. அதையும் கன்வெர்ட்டர் பாதியாக்கினால் என்ன மிஞ்சும்? பிரிண்டரின் பச்சை விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது.

"லோ வோல்டேஜ்!" என்றார் என் வீட்டுக்காரர், பரமசந்தோஷமாக.

கன்வெர்ட்டரைக் கொண்டுபோய் பூஸ்டரில் மாட்டித் திருகை உச்சிப்படிக்கு ஏற்றினார். பிரிண்டர் ஓடியது. நாலு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டுப் பரிபூரணம் அதை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். இவர் தம் சாமர்த்தியத்தைச் சொல்ல டீக்கடைக்குப் போனார். நான் மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மணி ஆனது. மோட்டார்கள் நின்றன. திருகு உச்சியிலேயே இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தபோது கன்வெர்ட்டர் கரிக்கட்டை. அணைத்து வைத்திருந்ததால் பிரிண்டர் மட்டும் பிழைத்தது.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

விஷயம் ஒரு பெட்டி எரிந்ததோடு போகவில்லை. அந்தக் கடைசி அத்தியாயம் சனிக்கிழமை கிளம்பியாக வேண்டும். பரிபூரணத்தின் பேராசிரியர் அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறார். அவர் கையெழுத்துப் போடாமல் போய்விட்டால் வேறொருவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னும் இரண்டு வருஷம். தபாலை நம்ப முடியாது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி வைத்திருக்கிற வைகுண்டராஜ் முதலாளி அமெரிக்கா போகிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் பேசி வைத்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அவர் கார் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும். பஸ் ஸ்டாண்டு பக்கம் பால்கோவா வாங்க நிற்பார், ஆறு மணி வரை பார்ப்பார். அவ்வளவுதான் ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை முழுக்க அண்ணனும் தங்கையும் ராஜபாளையத்தில் அலைந்தார்கள். மில் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் பெரிய பிளாப்பிதான் நுழையுமாம், இவளிடம் இருந்தது சின்னது. காயில் சுற்றுகிற கடையில் கன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்களாம். இருட்டுகிற நேரத்துக்கு இருவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பரிபூரணம் பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் போட்டு அழுதாலாவது திட்டலாம். இவள் கண்ணைத் துடைத்துத் துடைத்து மூக்கைச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தாள். யாரைத் திட்டலாம் என்று தேடிக் கடைசியில் அந்தப் பூஸ்டரையே திட்டப் போனேன். அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன்.

"ஏட்டி பரிபூரணம், அமெரிக்காவுல எம்புட்டு வோல்ட்டுன்னு சொன்ன?"

"நூத்தியிருவது, மதினி."

"நம்ம வீட்ல மோட்டார் நேரத்துல வருதே, அது எம்புட்டு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்து முள்ளுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"மதினி, கன்வெர்ட்டரே வேண்டாமே."

"அதத்தான சொல்லுதேன். நேரா சுவத்துல மாட்டு. பன்னெண்டுலருந்து ஆறு வரைக்கும் நம்ம வீட்டுல அமெரிக்கா கரண்ட்டுதான ஓடுது!"

"ஆனா நூத்தி முப்பதுக்கு மேல போச்சுன்னா செத்துரும் மதினி. இருக்கது இது ஒண்ணுதான்."

நான் சாமி மாடத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்து பூஸ்டர் கண்ணாடியில் நூற்று முப்பதுக்கு நேரே ஒரு பொட்டு வைத்தேன். முள் பொட்டைத் தொட்டால் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். அது என் வேலை. நம் கரண்டு ஓடுகிற தினுசு வேறு, பிரிண்டர் சூடாகும் என்றாள் பரிபூரணம். ஓலை விசிறியை எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமையிலிருந்தே திறக்கவில்லை.

எல்லாம் சரி, முள்தான் நூற்றைம்பதுக்குப் போய் நின்றுகொண்டது. அன்றைக்கென்று ஊரில் ஒரு காதுகுத்து. பாதிப்பேர் மோட்டாரை அணைத்துவிட்டு விருந்துக்குப் போய்விட்டார்கள்.

நான் நேரே பந்திக்குப் போனேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "பரிபூரணத்துக்குப் பேப்பர் அடிக்கணும். எல்லாரும் போய் மோட்டாரப் போடுங்க" என்றேன். இலையிலிருந்து தலைகள் நிமிர்ந்தன.

"புழு டாக்டருக்கா?" என்றார் வேல்சாமி. "சொல்லியிருந்தா சாப்பிடாமயே வந்திருப்பமே." பாயசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். அவர் பின்னாலேயே ஏழெட்டுப் பேர் கை கழுவினார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நூற்று முப்பத்தைந்து. பொட்டுக்கு அந்தப் பக்கம்தான் இன்னமும். எனக்குத் தெரியும் ஏனென்று. இன்னும் ஒரு மோட்டார் பாக்கி. ஊரிலேயே பெரியது, பத்து குதிரைச் சக்தி. அது மாரிசாமி அண்ணனுடையது.

மாரிசாமி அண்ணனோடு எனக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. எங்கள் காட்டுக்கும் அவர் காட்டுக்கும் நடுவிலுள்ள வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டிவிட்டார் என்று டீக்கடை வாசலில் வைத்து அவரை நாறடித்தவள் நான். அன்றிலிருந்து அந்த வரப்பில் நான் கால் வைப்பதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவேன். அன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் போனேன். வழி நெடுக என் ரோஷத்தை நானே திட்டிக்கொண்டு போனேன்.

மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே."

திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரம் மோட்டாரப் போடணும். பரிபூரணத்துக்குப் பேப்பர் அடிக்கணும். உங்க மோட்டார் ஓடுனாத்தான் வோல்டேஜ் எறங்கும்."

"என் மோட்டாரால வோல்டேஜ் போச்சுன்னு போன கோடைல கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தது யாரு?"

"நாந்தான்."

"இப்ப எறங்கணும்னு சொல்லுத."

"ஆமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்தார். ஸ்டார்ட்டரில் கைவைத்தார். பத்து குதிரையும் முனகிக்கொண்டு கிளம்பியது. நான் வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் முள் நூற்றுப் பதினெட்டு. மூன்று மணிக்குப் பரிபூரணம் சாமி கும்பிட்டுவிட்டு ப்ளக்கைச் சுவரில் சொருகினாள். பச்சை விளக்கு நின்று எரிந்தது. பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று காகிதத்தைக் கொறிக்க ஆரம்பித்தது. மொத்தம் அறுபது பக்கம். இவர் விசிறினார், அவள் காகிதம் பிடித்தாள், நான் ப்ளக்கில் ஒரு கையும் முள்ளில் ஒரு கண்ணுமாக நின்றேன். ஒவ்வொரு பக்கம் வெளியே வரும்போதும் பரிபூரணம் நம்பரைச் சத்தமாகச் சொன்னாள். இருபதுக்கு மேல் இவரும் சேர்ந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நாற்பத்தொன்று வெளியே வரும்போது மண்வாசம் வந்தது.

நாற்பது நாளாக அந்த மழைக்கு ஏங்கியிருக்கிறோம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியிருக்கிறோம். வர வேண்டிய போதெல்லாம் வராத மழை, இடி இல்லாமல் மின்னல் இல்லாமல், கூப்பிடாத விருந்தாளி மாதிரி வந்து சடசடவென்று ஓட்டில் இறங்கியது. தெருவில் கூச்சல், விசில். மழை வந்துவிட்டால் எவன் மோட்டார் ஓட்டுவான்? ஒரு மோட்டார் நின்றது. இன்னொன்று நின்றது. முள் நூற்றிருபத்திரண்டு. நூற்றிருபத்தாறு.

"இன்னும் பத்தொம்பது பக்கம் மதினி!"

நான் மழையைத் திட்டினேன். என் ஆயுசில் அந்த ஒரு நாள்தான் மழையைத் திட்டினேன். நூற்றிருபத்தொன்பது. முள்ளின் நுனி குங்குமத்தின் ஓரத்தில் நடுங்கியது. ப்ளக்கை இறுக்கிப் பிடித்துப் பாதி இழுத்தேவிட்டேன்.

முள் நின்றது. ஏறவில்லை. மெதுவாகக் கீழே வந்தது. நூற்றிருபத்தேழு, நூற்றிருபத்து நாலு. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ப்ளக்கைத் திரும்ப அழுத்தினேன். ஏன் என்று கேட்க நேரமில்லை. பிரிண்டர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

ஐந்தே காலுக்கு அறுபதாம் பக்கம் வந்தது. யூரியா மூட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் பையில் அதைச் சுற்றி, மேலே துண்டைக் கட்டி வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் மொபெட்டை உதைத்தார். இரண்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்து, "போயிட்டு வாரேன்" என்றார்.

"நனையாம போங்க" என்றேன். கொட்டுகிற மழையில் அதைச் சொன்னதற்குப் பரிபூரணம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ஆறு மணி அடிக்கக் காத்திராமல் நான் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காட்டுக்கு ஓடினேன். வழியில் தம் மோட்டாரருகே நனைந்துகொண்டு நின்ற வேல்சாமிதான் சொன்னார். மழை வந்ததும் எல்லோரும் அணைக்கப் போனார்களாம். மாரிசாமி அண்ணன் மழையில் வரப்பு வரப்பாக ஓடி, "பிள்ளைக்குப் பேப்பர் முடியலலே, போடுங்கலே மோட்டார" என்று கத்தி, அணைத்தவர்களையும் திரும்பப் போடவைத்தாராம்.

அவர் காட்டில் முழங்கால் தண்ணீர். மேலேயிருந்து மழை கொட்டுகிறது, குழாயிலிருந்து பத்து குதிரை கொட்டுகிறது. நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாரிசாமி அண்ணன் நின்றார்.

"முடிஞ்சிருச்சு அண்ணே! அவுக கொண்டுட்டுப் போயிட்டாக!"

அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த முகத்தை இரண்டு வருஷமாக நான் பார்க்கவில்லை.

"எங்காட்டுப் புழுவும் போயிருக்கா?"

"அம்புட்டும் போயிருக்கு. உங்க காட்டுக்குத் தனியா ஒரு பக்கம்."

"சரி, அப்பம் அணைக்கட்டா?" என்று ஸ்டார்ட்டருக்குக் கையைக் கொண்டுபோனார்.

அணையுங்கள் என்று வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணே, இருங்க! ப்ளக்கப் பிடுங்குனமா இல்லையா? நீங்க அணைச்சா பிரிண்டர் செத்துரும்!"

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிடுங்கவில்லை. கட்டிப்பிடித்துச் சுற்றினோமே தவிர ஒருவரும் பிடுங்கவில்லை.

"ஓடு தாயி, போய்ப் பிடுங்கு" என்றார் மாரிசாமி அண்ணன், சிரிப்பில் குலுங்கிக்கொண்டு. "பிடுங்கிட்டு வாசல் லைட்ட ரெண்டு தடவ அணைச்சுப் போடு. அது வரைக்கும் நான் ஓட்டுதேன்."

சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. நடுவரப்பில் ஏறி ஓடினேன். அது ஒரு சாண் அந்தப் பக்கம் இருந்ததா இந்தப் பக்கம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. என் பின்னால், தண்ணீரே வேண்டாத காட்டில், பத்து குதிரை மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.