கால்வாயில் நீலக் கொக்குகள்

தம்பிக்குக் கால்வாயை ஒட்டிச் சாயப்பட்டறை. அதன் மாடியில் அக்காவின் தையல் மெஷின். கால்வாயில் துணிக் கொக்குகளை மிதக்கவிடப் போகிற சிற்பியம்மா ஒருநாள் அக்காவைத் தேடி வந்தாள்.

"எல்லாம் சுத்த வெள்ளையா இருக்கணும். ஜனங்க ஒரு தடவையாவது நின்னு இந்தத் தண்ணியைப் பார்க்கணும்."

அக்கா சோறு தண்ணி மறந்து தைத்தாள். அலகு கோணிவிட்டதென்று ஒன்றைப் பிரித்து மறுபடி தைத்தபோது, "என்னக்கா, கொக்குக்குக் கல்யாணமா?" என்று தம்பி கேலி செய்தான்.

கொக்குகளை வரிசையாகக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்ட மறுநாள் விடியலில், சாயத்தொட்டி தளும்பி நின்றது. தினமும் செய்வதுபோல் தம்பி குழாயைத் திறந்துவிட்டான். நீலத் தண்ணீர் கால்வாயில் இறங்கியது. கொக்குகள் நினைவுக்கு வராமல் இல்லை. ஒருநாளில் என்ன ஆகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

காலையில் திறப்பு விழா. பாலத்தில் நல்ல கூட்டம். பட்டறைக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் மிதந்த கொக்குகள் பளிச்சென்று இருந்தன. பட்டறையைத் தாண்டி மிதந்தவற்றுக்கு வயிற்றிலிருந்து கழுத்துவரை நீலம் ஏறியிருந்தது.

மேயர் மைக்கைப் பிடித்தார். "வெள்ளையில தொடங்கி நீலத்துல முடியுது. என்ன கற்பனை! தைச்ச அம்மாவுக்கு ஒரு கைதட்டல்!"

கூட்டம் கைதட்டியது. சிற்பியம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. "நேத்து எல்லாமே வெள்ளையாத்தானே இருந்துச்சு?" என்று அக்காவிடம் மெல்லக் கேட்டாள்.

தம்பியின் சட்டையில் தினமும் கசக்கியும் போகாத நீலம் அக்காவுக்குத் தெரியாதா? பக்கத்தில் நின்ற அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"தெரியலம்மா."

அக்கா பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நழுவிவிட்டான்.

மத்தியானம் அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள்.

"திட்டிடேன் அக்கா."

"எனக்குக் கைதட்டினாங்கடா. மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறதுன்னு தெரியல."

தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்துபோய்க் குழாயை இறுக்கி மூடினான். கால்வாய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து சிற்பியம்மா ஒரு கொக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது போகாதும்மா. நல்ல சாயம்." வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். "எங்க பட்டறைத் தண்ணிதான். நான்தான் திறந்துவிட்டேன்."

அவள் கத்தவில்லை. கொக்கைப் படியில் வைத்தாள். "கொக்கை மாத்தப் போறதில்ல. நடந்ததை அப்படியே பலகையில எழுதி வைக்கலாமா?"

"எழுதுங்க" என்றான்.

பாலத்தில் பலகை வந்தது. அவன் குழாயைச் சிமென்ட் வைத்து அடைத்தான். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்துக்கு லாரியில் அனுப்பினான். ஆனாலும், பலகையைப் படித்தவர்கள் நிமிர்ந்து பட்டறையைத்தான் பார்த்தார்கள்.

கடைத்தெருவுக்குப் போகும்போது ஒருநாள் அவன் பாலத்தை விட்டுச் சுற்றுவழியில் திரும்பினான். அக்கா நின்றுவிட்டாள்.

"பாலத்து வழியாவே வா. நான் தைச்ச கொக்கும்தானே கறையோட அங்க மிதக்குது?"

தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் நடந்தான்.