புரட்டாசியில் விட்ட குத்து

ஃபெமினா விட்ட குத்து போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். ஆடியில் விட்டால் ஆவணியில் விழும். நாள் ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம், மணி மட்டும் மாறாது. எந்த இடத்தைப் பார்த்து விட்டாளோ அதே இடத்தில், அதே உயரத்தில் வந்து விழும்; அந்நேரம் அங்கே நிற்பவர் யார் என்று அது விசாரிக்காது. புதுக்கோட்டை திருவப்பூர் ரயில்வே கேட்டைத் தாண்டி, மூடிப்போன ஒரு அரிசி ஆலைக் கொட்டகையில் நடக்கும் பாக்சிங் வகுப்பில் இதை முதன்முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் பயிற்சியாளர் அருண்குமார்தான். ரிங்கைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவரின் காதோரத்தில் பொட்டென்று ஒன்று விழுந்தது. பக்கத்தில் யாருமில்லை. ஆலைக்கூரையிலிருந்து போல்ட் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டத் தொடங்கினார்.

ஃபெமினாவுக்கு அப்போது முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆவூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். கடைப்பெண்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது, ஸ்டூல்களும் வந்தன, அவற்றின் மேல் சட்டைப் பெட்டிகளை அழகாக அடுக்கிவிட்டார்கள். போன தீபாவளிக் கூட்டத்தில் கால் கடுத்துப்போய், ஒரு சேலைக்கட்டின் மேல் சற்று உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் அடைக்கலராஜ் வந்து, வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் ஒன்று வைத்தார். வெளியில் அவர் அவளுக்கு மாமா முறை, கடைக்குள் சார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஃபெமினாவின் கை செத்த கைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான் அது விறுவிறுவென்று முறுக்கிக்கொண்டு வந்தது, முன்சீட்டுக் கம்பியைத் தவிர அடிக்க அங்கே வேறெதுவும் இல்லை.

"அவரு இல்லாட்டி ஒனக்கு ஏது வேலை? வாயத் தொறக்காத" என்றாள் அம்மா சந்தனமேரி. ஃபெமினா வாயைத் திறக்கவில்லை. அடுத்த முறை கை நேரத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். அதற்காகத்தான் கொட்டகைக்குப் போனாள்.

அங்கே பெண்கள் வகுப்பில் இருந்தவர்களோ மலை மலையாக இருந்தார்கள். ஆயுதப்படைக் காவலர் வனிதா மாநில அளவில் ஆடியவள். கட்டுமாவடி இருளாயி சின்ன வயதிலிருந்து மீன்பெட்டி தூக்கி வளர்ந்தவள். அவள் சும்மா தோளில் கைபோட்டாலே ஃபெமினா ஒரு பக்கம் சாய்வாள். இவர்களுக்கு நடுவில் நாற்பத்து நான்கு கிலோவோடு இவள் போய் நின்றாள். அடி விழுந்தது. விலாவில், தாடையில், மூக்கில், நெற்றிப்பொட்டில் விழுந்தது. வனிதாவின் இடதுகை எப்போது புறப்பட்டது என்று தெரிவதற்குள் ஃபெமினா தரையில் கிடந்து தகரக் கூரையின் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் விட்டதோ, விட்ட நேரத்தில் ஒன்றுகூட யார்மேலும் படவில்லை. கையுறைக்கு ஒருநாளும் எதுவும் தட்டுப்படவில்லை.

"என் மூஞ்சியப் பாத்துத்தானக்கா அடிக்கிறீங்க? நான் இங்கனதான நிக்கிறேன்" என்று இருளாயி வருத்தப்பட்டாள். அசையாமல் நின்று முகத்தைக் காட்டியும் பார்த்தாள். காற்றுகூடப் படவில்லை.

ஆளில்லாத மூலைகளில் அடி விழுவது அடிக்கடி நடக்கவே, அருண்குமார் பழைய செல்போன் வீடியோக்களைப் போட்டுப் பார்த்துக் கணக்கைக் கண்டுபிடித்தார். "அக்கா, ஒங்க குத்துல தப்பில்ல. பஸ்ஸுதான் லேட்டா வருது" என்றார். ஒருநாள் இருளாயி, பாவப்பட்டு, போன மாதம் தான் நின்ற இடத்திலேயே போய் நின்றாள். உதடு கிழிந்தது. "நல்ல குத்துக்கா" என்று துப்பிக்கொண்டே சொன்னாள். அந்நேரம் ஃபெமினா கொட்டகை வாசலில் ஷூவுக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். கையை நேரத்துக்கு வரவைக்கச் செய்த வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. ஒரு வருஷம் இப்படியே அடி வாங்கிக்கொண்டு போயிற்று.

நேரத்துக்கு வராத கையை முன்கூட்டியே அனுப்பினால் என்ன என்ற யோசனை அவளுக்குப் புரட்டாசியில் வந்தது. சாதாரண நாளில் கடை பத்து மணிக்குத் திறக்கும். பெருக்குகிற முறை வந்தால் ஒன்பதுக்கே சாவி வாங்கிவிடலாம். தீபாவளி சீசனிலோ எட்டுக்கே திறந்து, ஒன்பதுக்கெல்லாம் கூட்டம் நெரியும். அப்போது அடைக்கலராஜ் மாடிப்படி அடியில், கண்ணாடித் தூணின் பக்கத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்பார். குள்ளமான மனிதர், அவர் கன்னம் எந்த மட்டத்துக்கு வரும் என்பது ஃபெமினாவுக்கு மனப்பாடம். எல்லாருடைய பெருக்கும் முறையையும் வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் முழுக்க ஒன்பது மணிக்கு அந்த வெற்றிடத்தில் தன் பலத்தையெல்லாம் போட்டுக் குத்தினாள். பிறகு துடைப்பத்தை எடுத்தாள். அத்தனை நாளில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மாதம்தான்.

ஐப்பசி பிறந்ததும் அடைக்கலராஜை அறந்தாங்கிக் கிளைக்கு மேனேஜராகப் போட்டார்கள். மாலை போட்டு, கேசரி கொடுத்து அனுப்பினார்கள். ஃபெமினாவும் ஒரு கரண்டி தின்றாள். மறுநாள் தூணின் பக்கத்தில் நைட்டி மேசை போட்டு, புதிதாக வேலைக்கு வந்த இளமதியை நிறுத்தினார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயதுகூட ஆகவில்லை. மேசையைத் தள்ளிப் போடலாமே என்று ஃபெமினா முதலாளியிடம் கேட்டாள். வாஸ்து பார்த்துப் போட்ட இடம் என்றார் அவர். விட்ட குத்தைத் திரும்ப வாங்க வழியில்லை.

குத்துகள் வரவேண்டிய வாரத்தின் முதல் நாள், ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஃபெமினா மாடிச் சேலைப் பிரிவிலிருந்து கீழே வந்து இளமதியை இழுத்து அந்தப் பக்கம் விட்டாள். "செத்த நேரம் நான் நிக்கிறேன். நீ அங்கிட்டுப் போ" என்றாள். நின்றாள். கூட்டம் நைட்டிகளைக் கலைத்துக்கொண்டிருந்தது. மணி ஒன்பதானதும் இடது கன்னத்தில் வந்து இறங்கியது. அவள் விழவில்லை. வனிதாவிடம் வாங்காததா? கால் பெருவிரலை ஊன்றி, தாடையை இறுக்கி நின்றாள். கைக்கு ஒருநாளும் தட்டுப்படாத தன் குத்தைக் கன்னத்தில் தெரிந்துகொண்டாள். தோளிலிருந்து நேராக வந்த, சுத்தமான குத்து. இருளாயி பொய் சொல்லவில்லை. இதற்கு உரியவர் அறந்தாங்கியில் புது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இவ்வளவு நல்ல குத்து வீணாய்ப் போயிற்றே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"யாருக்கா அடிச்சது?" என்று இளமதி சுற்றிலும் பார்த்தாள்.

"நான்தான்டி. துணிய மடி."

மறுநாளும் வாங்கினாள். அதற்கடுத்த நாள் முகம் பூசணியாக வீங்கியிருந்ததைப் பார்த்து, சீசன் நேரத்தில் இந்த முகத்தோடு கடையில் நின்றால் யார் துணி எடுப்பார்கள் என்று முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். ஃபெமினா உள்ளதைச் சொன்னாள். மின்தடை நேரத்தைக் கேட்டுக்கொள்வதுபோல் அவர் கேட்டுக்கொண்டார்.

"எதுவரைக்கும் வரும்?"

"இந்த வாரம் பூராவும் வரும் சார்."

"நிக்கிற ஒசரத்துலயா?"

"ஆமா சார்."

"அப்ப அந்தப் புள்ளய உக்காரச் சொல்லு." தானே போய்ச் சட்டைப் பெட்டிகளை இறக்கிவைத்து, ஒரு ஸ்டூலை உருவிக்கொண்டு வந்து தூணின் பக்கத்தில் போட்டார்.

தீபாவளி முடிந்ததும் ஸ்டூல் மறுபடி பெட்டிகளுக்கு அடியில் போய்விட்டது. அடைக்கலராஜ் நலமாக இருக்கிறார். அவர்மேல் இன்றுவரை யாருடைய கையும் படவில்லை. ஃபெமினாவை இரண்டாம் மாடிக்கு மாற்றினார்கள். அங்கே நிற்கிறாள். கொட்டகையில் வனிதாவிடம் இப்போதும் விழுகிறாள், அவளுடைய குத்து இப்போதும் ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் புரட்டாசி பிறந்தால் பெருக்கும் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மாதம் முழுக்க, மாடிப்படி அடியில் காலியான இடத்தைப் பார்த்துக் குத்துகிறாள். ஐப்பசியில் முதலாளி சொல்லாமலே ஸ்டூல் வந்துவிடுகிறது. ஒன்பது மணிக்கு இளமதியின் தலைக்கு மேல் விசுக்கென்று ஒரு காற்று போகும், முன்முடி இரண்டு பறக்கும். அவள் உட்கார்ந்தபடியே அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டு நைட்டிக்கு விலை சொல்வாள்.