என் பேரில் ஒரு வண்டி

அன்று காலை என்னை வங்கி வாசலில் இறக்கிவிட்டது மின்ஹாஜ் மச்சான்தான். அக்கா புருஷன். "பயப்படாம போ ஆயிஷா, இங்கனதான் நிக்கிறேன்," என்றார். அவர் பாசமாகப் பேசினாலே ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.

பெரிய வங்கி, கிரெடிட் அனலிஸ்ட் வேலைக்கு நேர்காணல். கடன் கேட்டு வருகிறவரின் கணக்கைப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று எழுத வேண்டும். கிடைத்தால் சென்னை. கிடைக்காவிட்டால் மதுரையில் இதே செல்லூர்ச் சந்து, இதே ஜவுளிக்கடைக் கணக்குப் பிரிவு, மூன்று குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். இங்கிருந்து போய்விட வேண்டும் என்றுதான் விழுந்து விழுந்து படித்தேன்.

உள்ளே கேள்வி கேட்க ஸ்யாமளா மேடமும் பட்டாபிராமன் சாரும். ஒரு அரிசி ஆலையின் வரவு செலவைக் கொடுத்து, "என்ன தோணுது?" என்றார் சார்.

"பொய்க் கணக்கு சார். போன வருசத்தவிட ரெண்டு மடங்கு நெல் அரைச்சிருக்காராம். கரண்ட் பில்லு மட்டும் குறைஞ்சிருக்கு. அம்புட்டையும் கையிலயா குத்துனாரு?"

எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சார் வாய்விட்டுச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது மேடம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். என் பெயரில் உள்ள கடன் விவரம். இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் அதையும் பார்ப்பார்களாம்.

"டூ வீலர் லோன். மூணு தவணை கட்டலையேம்மா?"

அது மச்சானின் வண்டி. அவரை நம்பி யாரும் கடன் தராததால் என் சம்பளச் சீட்டைக் காட்டி எடுத்தது. சும்மா ஒரு கையெழுத்துதானே என்றார். அக்கா வாழணுமே என்று அம்மா அழுதாள். போட்டேன். ஷோரூமில் அவர் தன் போன் நம்பரைக் கொடுத்திருந்ததால் எனக்கு ஒரு மெசேஜும் வந்ததில்லை. கேட்கும்போதெல்லாம் "அதெல்லாம் கட்டியாச்சு" என்பார். பாவி மனுஷன்!

"அக்கா வீட்டுக்காரருக்கு எடுத்துக் குடுத்தது மேடம்."

"சரி. கடன் கேட்டு வர்ற ஒருத்தர் இதையே சொன்னா என்ன எழுதுவீங்க?"

பதில் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கவா முடியும்?

"யாருக்காக வாங்கினாலும் கையெழுத்துப் போட்டவங்கதான் பொறுப்பு. குடுக்கக் கூடாதுன்னு எழுதுவேன்."

"கரெக்ட்," என்றார் மேடம். சார் தலையைக் குனிந்துகொண்டார். மேடமே தொடர்ந்தார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள லோன முழுசா அடைச்சு ரசீது அனுப்புங்க. வேலை உங்களுக்குத்தான். இல்லன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

அடைக்க என்னிடம் ஏது பணம்? வண்டியை விற்றால்தான் உண்டு.

வெளியே மச்சான் அந்த வண்டியில் சாய்ந்து பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா? பேங்க் ஸ்டாஃப்னா வட்டி கம்மியாமே. உன் பேர்ல ஒரு கார் எடுத்துருவோம்."

"நீங்க தவணையே கட்டல. இப்ப அடைக்காட்டி எனக்கு வேலை இல்லயாம். வண்டிய விக்கணும், சாவியக் குடுங்க மச்சான்." கையை நீட்டினேன்.

அவர் முகம் மாறவே இல்லை. "வித்துருவோமே. அப்படியே உங்க அக்காளையும் கொண்டாந்து உங்க வீட்டுல விட்டுர்றேன்."

அக்காவுக்கு இது ஏழாம் மாதம்.

சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, ஓட்டிட்டுப் போ."

எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"கெட்டியாப் பிடிச்சுக்க," என்றார் மச்சான்.

பிடித்துக்கொண்டேன்.