ஹோட்டல் கோர்ஸ்

மூட்டைகள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டன. ஹோட்டலின் பெயர் அச்சடித்த நீலப் பைகள், வாசலிலிருந்து பிரிக்கும் மேஜை வரைக்கும் குவிந்து கிடந்தன. படுக்கை விரிப்புகளுக்கு ஒரு தொட்டி, துண்டுகளுக்கு ஒரு தொட்டி, மேஜைத் துணிகளுக்கு ஒரு தொட்டி. ஒவ்வொன்றையும் உதறிவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் யாரோ மறந்துவிட்டுப் போன சாவியோ பிளேடோ சலவை இயந்திரத்துக்குள் போய்விடும்.

வக்கீல் ஒரு விரிப்பை உதறினாள். உள்ளே இருந்த ஒற்றைச் சாக்ஸ் பறந்துபோய் எதிரே நின்ற நெட்டச்சியின் தோளில் விழுந்தது.

"அக்காவுக்குப் பொன்னாடை போத்தியாச்சு," என்றாள் வக்கீல்.

"ஜோடியையும் தேடு. எங்க வீட்டுக்காரருக்கு ஆகும்," என்றாள் நெட்டச்சி.

வக்கீல் சட்டம் படித்தவள் இல்லை. அந்தச் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசரின் மொழியைப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாருக்காவது லீவு வேண்டுமென்றாலும், சம்பளத்தில் பிடித்தம் வந்தாலும், அவள்தான் போய் நின்று பேசுவாள். நெட்டச்சி உயரமானவள். கட்டில் அகலத்துக்கு இருக்கும் இஸ்திரி உருளையில் ஈர விரிப்பைக் கொடுக்கும் இடம் அவளுடையது. இருவரும் ஒரே கட்டிடத்தில் மேல் வீடு, கீழ் வீடு. இருவருடைய பெண்களும் ஒரே வகுப்பு.

"உம் பொண்ணு அடுத்த வருஷம் என்ன எடுக்கறா?" என்று நெட்டச்சி கேட்டாள். "எங்க பொடிசு வந்து பொதுங்கறா, தொழில்ங்கறா, பிரிவுங்கறா. ஸ்டேஷன்ல கடைசி நிமிஷத்துல ப்ளாட்பாரத்த மாத்திச் சொல்ற மாதிரி இருக்கு. தப்பு வண்டில ஏத்திவிட்டா எங்க போய் எறங்குவாளோ."

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல பெத்தவங்கள எல்லாம் கூப்பிட்டிருக்காங்கள்ல, வாங்க. நம்ம பாஷைல எடுத்துச் சொல்லறதுக்கு என்னத்தான் வரச் சொல்லிருக்காங்க."

"அப்ப கவல இல்ல. நீ சொன்னா கண்ண மூடிட்டு கையெழுத்துப் போடுவேன்."

"தெறந்துகிட்டே போடுங்கக்கா. கோணலாப் போயிடும்."

பள்ளிக்கூட ஹாலில் பிள்ளைகளுக்கான நாற்காலிகள்தான் இருந்தன. பெற்றோர்கள் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பலர் வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள். பின்வரிசையில் ஒரு கொத்தனாரின் முடியில் சிமெண்ட் தூசி அப்படியே இருந்தது. ஆலோசகர் மேடம் திரைக்கு ஒரு பக்கம் நின்றாள். மறுபக்கம் வக்கீல், கையில் மைக்குடன். மைக்கை அவள் வாயிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தாள்.

மேடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். கடைசி இரண்டு வருடத்துக்குப் பிள்ளைகள் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுப் பிரிவு என்றால் பாடங்கள் மட்டும், அப்புறம் காலேஜ். தொழிற்பிரிவு என்றால் பாதி நாள் பாடம், பாதி நாள் தொழில். முடிக்கும்போது சான்றிதழ். வயரிங் இருக்கிறது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு இருக்கிறது, ஹோட்டல் இருக்கிறது.

ஹோட்டல் என்றதும் திரையில் படம் மாறியது. கண்ணாடிக் கதவு, பளிங்குத் தரை, கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் மேஜைக்குப் பின்னால் நின்று சிரித்தாள். படத்துக்குக் கீழே ஹோட்டலின் பெயர். சலவைக்கூடத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரை அவர்கள் நீலப் பைகளில் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

"அட, நம்ம ஹோட்டலு," என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

கொத்தனார் கையைத் தூக்கினார். "இதுல சேந்துட்டா அப்புறம் காலேஜ் கெடையாதுங்கறாங்களே?"

வக்கீல் கேட்டுச் சொன்னாள். "எந்தக் கதவும் மூடாதாம்."

"ட்ரெய்னிங்கு எங்க?"

"ரெண்டாவது வருஷம் ஹோட்டல்லயே. பள்ளிக்கூடமும் ஹோட்டலும் ஒப்பந்தம் போட்டிருக்காங்க. எல்லாப் பிரிவுலயும் பழக்கிவிடுவாங்களாம்."

நெட்டச்சி இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அதெல்லாம் சரி வக்கீலு. உம் பொண்ண எதுல சேக்கப் போற?"

மைக் இன்னும் வக்கீல் கையில்தான் இருந்தது. அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுலதான்க்கா."

அது ஹால் முழுக்கக் கேட்டது. என்ன சொன்னாய் என்று மேடம் கேட்டாள். வக்கீல் சொன்னாள். மேடம் சத்தமில்லாமல் கை தட்டினாள்.

வக்கீலின் மகள் உயிரியல் எடுக்க நினைத்திருந்தாள். ரத்தம் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்ப்பதுபற்றி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லா விசாரிச்சீங்களாம்மா?"

"ஒரு ஹாலுக்கே எடுத்துச் சொல்லிட்டு வந்தவ நான். லேபுக்கு இன்னும் அஞ்சாறு வருஷம் படிக்கணும். நடுவுல உங்கப்பாவுக்கு வேல இல்லேன்னா யாரு கட்டறது? இது ரெண்டே வருஷம். நான் அந்த ஹோட்டலோட அழுக்குத் துணியத்தான் பாத்திருக்கேன். நீயாவது அதோட முன்வாசல் வழியா உள்ள போ."

மகள் தட்டில் மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு, "சரிம்மா," என்றாள்.

நெட்டச்சி உட்பட, சலவைக்கூடத்தில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளை ஹோட்டல் கோர்ஸில் சேர்த்தார்கள். வக்கீலின் மகளுக்குக் கறுப்புக் கோட்டு தைத்து வந்த அன்று, டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கும் அப்பா, மகளைப் பார்த்து எழுந்து நின்றார். "உக்காருங்க மேனேஜர். இந்த வீட்டுக்குக் கோட்டு போட்ட ஆளு வாடகை கேக்கத்தான் வந்திருக்கு. மொதத் தடவையா நல்ல விஷயத்துக்கு வருது," என்றார். மகள் சிரித்தாள். அந்த வருடம் முழுக்க அவள் வீட்டுக் கட்டிலில் விரிப்பை மடிப்பு இல்லாமல் போட்டுப் பழகினாள். வருகிறவர்களை வரவேற்பது எப்படி என்று பொடிசும் அவளும் மாடிப்படியில் ஒருவருக்கொருவர் செய்து பார்த்தார்கள். நெட்டச்சி படியேறி வந்தால் இருவரும் குனிந்து, "ரூம் புக் பண்ணிருக்கீங்களா மேடம்?" என்பார்கள்.

"புக் பண்ணாமயே வருவேன்டி. வழிய விடுங்க," என்பாள் நெட்டச்சி.

இரண்டாம் வருடம் தொடங்கிய பிறகு ஒரு வியாழக்கிழமை சூப்பர்வைசர் வக்கீலைக் கூப்பிட்டார். நெட்டச்சியும் இன்னும் மூன்று பேரும் திங்கள் முதல் வர வேண்டாம். வழக்கம்போல அவர்களிடம் அவள்தான் சொல்ல வேண்டும்.

"மூட்ட ஒண்ணும் கொறையலையே சார்."

"மேல முடிவு பண்ணிட்டாங்க. உன் வேல இருக்கு. நீ ஏன் கவலப்படற?"

நெட்டச்சி கேட்டுவிட்டு நின்றாள். தலையில் கட்டியிருந்த வலையை உருவி விரலில் சுற்றினாள்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாமா?"

"இல்லக்கா. ஆள் கொறைக்கறாங்களாம். நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்."

"நீ என்ன பண்ணுவ. விடு." வலையை மேஜைமேல் வைத்துவிட்டு அவளே சொன்னாள். "பொடிசு திங்கக்கிழமை ஹோட்டலுக்குப் போறா. இன்னும் ஒரு வருஷம் இழுத்துப் பிடிச்சுட்டா அவ சம்பாதிச்சுடுவா. நல்ல வேள, நீ அன்னைக்கு எடுத்துச் சொன்ன."

திங்கட்கிழமை, நெட்டச்சி இல்லாத இடத்தில் உருளை ஓடாமல் நின்றது. ஏன் ஓட்டவில்லை என்று வக்கீல் கேட்டாள். ஆள் வருகிறது என்றார் சூப்பர்வைசர். சிறிது நேரத்தில் பின்பக்க முற்றத்துக்குள் பள்ளிக்கூட வேன் நுழைந்தது. நீலப் பைகள் இறங்கும் இடத்தில் நின்றது. கறுப்புக் கோட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பிள்ளைகள் பைகளையும் குழாயிலிருந்து வழிந்த சோப்புத் தண்ணீரையும் தாண்டி, ஷூ நனையாமல் நடந்து வந்தார்கள். அடுத்த இடத்துக்குப் போகும் வழி இது என்று நினைத்தவர்களைப் போல அக்கம்பக்கம் பார்த்தார்கள். நான்காவதாக இறங்கியவள் பொடிசு. அவளுக்குப் பின்னால் மகள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். முதலில் சிரிக்க வந்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் கோட்டுகளைக் கழற்றிச் சுவரில் மாட்டச் சொன்னார். தலைக்கு வலை கொடுத்தார். வக்கீலிடம், "இவங்களுக்குப் புரியற மாதிரி எல்லாத்தையும் நீதான் சொல்லணும். அதுக்குத்தான் உன்ன வெச்சிருக்கு," என்றார். மகளைப் பிரிக்கும் மேஜைக்கு அனுப்பினார். பொடிசை உருளைக்கு.

"அவளுக்கு எட்டாது சார்."

ஒரு மரப் பலகையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து உருளைக்கு முன்னால் போட்டார். பொடிசு அதன்மேல் ஏறி நின்றாள்.

மறுநாள் வக்கீல் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆலோசகர் மேடம் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஹோட்டல்ல ட்ரெய்னிங்னு சொன்னீங்க."

"ஹோட்டல்லதானே போட்டிருக்கு. லினன்னா சலவை, அதுவும் அவங்களோட ஒரு பிரிவு. எல்லாப் பிரிவும்னு நான் அன்னைக்கே சொன்னேனே, நீங்கதான் மொழிபெயர்த்தீங்க."

"முன்பக்கம் எப்ப அனுப்புவீங்க?"

"அது ஹோட்டல்காரங்க முடிவு. இடம் இருக்கறதப் பொறுத்து."

"பிள்ளைங்களுக்குச் சம்பளம்?"

"இது படிப்பும்மா. படிக்கறதுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா?"

வக்கீல் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். "எம் பொண்ணப் பொதுப் பிரிவுக்கு மாத்திக் குடுங்க. உயிரியல்ல."

"போன வருஷப் பாடம் அவ படிக்கலையே. மறுபடி முதல்லேர்ந்து வரணும். அவளுக்கு வயசு தாண்டிடுச்சு, இந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்க மாட்டாங்க."

"எந்தக் கதவும் மூடாதுன்னு சொன்னீங்களே."

"மூடல. வெளியில தனியாப் பணம் கட்டிப் படிக்கலாம்." மேடம் குரலைத் தணித்துக்கொண்டாள். "ட்ரெய்னிங்க நடுவுல விட்டா சான்றிதழும் கிடைக்காது. அதையும் அவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க." பிறகு நாட்காட்டியைப் பார்த்தாள். "அடுத்த வெள்ளி புதுப் பிள்ளைங்களோட பெத்தவங்க வர்றாங்க. போன தடவ நீங்க அவ்வளவு நல்லாப் புரிய வெச்சீங்க. வந்துடுவீங்கல்ல?"

அன்று மாலை மகள் கைகளைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். அடுத்தவர்கள் படுத்த விரிப்பில் என்னென்ன இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"தெரிஞ்சு சேத்தீங்களா, தெரியாம சேத்தீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"தெரியாமத்தான்டி. சத்தியமா."

"ரெண்டுக்கும் எனக்கு ஒரே மேஜதான்." துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வக்கீல் மேல் வீட்டுக்குப் படியேறினாள். நெட்டச்சி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவங்க சொன்னதத்தான்க்கா நான் சொன்னேன்."

"அவங்க சொன்னதுக்கு நான் கையெழுத்துப் போடல. நீ சொன்னதுக்குப் போட்டேன்."

"எம் பொண்ணும் அங்கதான நிக்கறா?"

"நிக்கறா. எனக்கு வேல இல்லேன்னு வந்து சொன்னதும் நீதான். எம் பொண்ணுக்கு அந்த வேலையச் சொல்லிக் குடுக்கறதும் நீதான். நடுவுல உன் வேல மட்டும் அப்படியே இருக்கு. யோசிச்சுப் பாரு, நான் என்னன்னு நெனைக்கறது?" உள்ளே பொடிசு இருமும் சத்தம் கேட்டது. நெட்டச்சி திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை. தூங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில் சாத்துவதுபோல் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை வக்கீல் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அவளுக்குப் பதில் வேறு யாரோ போனார்கள் என்றும், ஹால் நிறைந்திருந்தது என்றும் மகள் சொல்லித் தெரிந்துகொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் காலையில் வேலைக்கு வந்தபோது கம்பிக் கேட்டுக்கு வெளியே நெட்டச்சி நின்றிருந்தாள். காவலாளி அவளை வெகுநாளாகத் தெரிந்தவன். ஆனாலும் அட்டை இல்லாமல் விட முடியாது என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காத மாதிரி ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். வக்கீல் அட்டையைக் காட்டி உள்ளே போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"அக்கா."

நெட்டச்சி பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தாள். முழங்கை வரைக்கும் வரும் இரண்டு கை உறைகள். கம்பெனி கொடுக்கும் உறை மணிக்கட்டோடு நின்றுவிடும். உருளையிலிருந்து வரும் ஆவி அதற்கு மேலேதான் அடிக்கும் என்பதால், பழைய துண்டுகளை மூன்று மடிப்பாக வைத்து அவளே தைத்துப் போட்டுக்கொண்டவை.

"பொடிசு நேத்துக் கையக் காட்டினா. ரெண்டு எடத்துல கொப்புளம்." கம்பிகளுக்கு நடுவே உறைகளை நீட்டினாள். "நானே குடுத்தேன், வேணாம்னுட்டா. எல்லாரும் பாப்பாங்களாம். நீ போட்டு விடு. இப்ப நீ சொன்னாத்தான அவ கேக்கணும்."

"அக்கா, நான் வந்து..."

"வேன் வந்துடும். போ."

நெட்டச்சி திரும்பி நடந்தாள். வக்கீல் கையிலிருந்ததைப் பார்த்தாள். வருடக்கணக்கில் சூடுபட்டுப் பழுப்பேறிய துணி, துவைத்துக் காயவைத்திருந்தது. மணிக்கட்டிலும் முழங்கையிலும் துணியை உள்ளே மடித்து, புது வெள்ளை நூலால் நெருக்கி நெருக்கித் தைத்து, ஒரு சின்னக் கைக்கு ஏற்ற அளவுக்குக் குறுக்கியிருந்தது.