காற்று பார்த்துப் போட்ட பரண்

மான் வேட்டையில் அம்பு விடுவது கடைசி வேலை. முதல் வேலை, பரண் கட்ட மரம் பார்ப்பது. அதில் நான் கெட்டிக்காரன் என்று விஸ்கான்சினில் என்னைத் தவிர யாரும் சொன்னதில்லை.

இந்த வருஷம் அதைக் காட்டியே தீர வேண்டியிருந்தது. மாமனார் ஹார்லனின் நாற்பது ஏக்கர் காட்டில் நானும் அவர் மகன் டெல்மரும் வருஷாவருஷம் ஆளுக்கொரு பரண் கட்டி, அவன் மானை நானும் என் மானை அவனும் விரட்டிக்கொண்டிருந்தோம். மாமனார் அலுத்துப்போனார்.

"யாரு முதல்ல அடிக்கிறானோ, அடுத்த வருஷத்துல இருந்து காடு அவனுக்கு. மத்தவன் சதுப்புக்குப் போயிடணும்."

காட்டை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சதுப்பு நிலத்தில் கொசுதான் நன்றாக வளரும்.

நான் பதினாறு நாள் மரம் பார்த்தேன். மான் பகலில் தெற்குப் பள்ளத்தில் படுத்திருக்கும், மாலையில் வடக்கே சோள வயலுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே அதன் தடம். எங்கள் ஊரில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அதனால் பரண் தடத்துக்குக் கிழக்கே இருக்க வேண்டும். அப்போது மானின் வாசனைதான் நம்மிடம் வரும், நம் வாசனை அதனிடம் போகாது. எருக்கம் பஞ்சு போன்ற ஒரு பஞ்சை ஊதிவிட்டு, அது போகும் திசையை மரத்துக்கு மரம் பார்த்தேன். கடைசியில் ஒரு ஓக் மரம் அகப்பட்டது. பதினெட்டு அடி உயரத்தில், மேற்கே பார்த்தபடி, அடிமரத்தில் முதுகு சாய்த்து உட்காரும்படி பரணைக் கட்டினேன்.

டெல்மரும் மரம் பார்த்தான். வண்டியிலிருந்து இறங்கியதும் கண்ணில் பட்ட மரம்.

"இங்கிருந்து என்ன மச்சான் தெரியும்?" என்றேன்.

"வண்டி தெரியும், மாப்ளே. வண்டிக்குள்ள சாப்பாடு இருக்கு."

அக்டோபர் கடைசி. காடு முழுக்கக் காய்ந்த இலை. கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். அந்தச் சத்தத்தோடு பரணுக்குப் போனால் மான் அடுத்த மாவட்டத்துக்கு ஓடிவிடும். ஆகவே இலைவாரியை எடுத்து, வண்டி நிற்கும் இடத்திலிருந்து என் மரத்தடி தாண்டி மான் தடம் வரைக்கும், இருநூறு கஜம், வெறும் மண் தெரியும்படி கூட்டி வைத்தேன். பரணில் ஏறியபோது என் காலடி எனக்கே கேட்கவில்லை.

நாலரை மணிக்கு ஒரு கொம்பு மான், நான் சொன்ன தடத்திலேயே வந்தது. என் மரத்துக்கு நேரே வந்ததும் நின்று, நான் கூட்டிய பாதையைப் பார்த்தது. பிறகு அதில் திரும்பி, என் முகத்தைப் பார்த்தபடி நடந்து வந்தது. எதிரே வரும் மான் மேல் அம்பு விடக்கூடாது, நெஞ்செலும்பு தடுக்கும். பக்கம் காட்டட்டும் என்று காத்திருந்தேன். அது எனக்கு நேர் கீழே வந்து, என் முதுகுப் பக்கம் போய்விட்டது. அங்கே நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த பருத்த அடிமரம் மறைத்தது.

அதற்கும் சத்தம் போடாமல் நடக்கப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

என் வாசனை உயரத்திலேயே போய்விட, காற்று அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசியது. அதனால் எதிரே வண்டியருகில் இருந்த டெல்மரையோ அவன் தின்றுகொண்டிருந்த சாஸேஜையோ அது மோப்பம் பிடிக்கவில்லை. ஐந்தாவது நிமிஷம் போன் அதிர்ந்தது.

"மாப்ளே, அடிச்சிட்டேன். வந்து ஒரு கை பிடிங்க."

இறங்கிப் போனேன். மாமனாரும் வந்து சேர்ந்தார்.

"இவன் எப்படிடா அடிச்சான்?" என்று என்னைக் கேட்டார்.

"நான் அம்பு விட்டேன்பா. அனுப்பி வெச்சது மாப்ளே," என்றான் டெல்மர்.

"அப்ப காடு உனக்கு. சதுப்பு அவனுக்கு."

மானை வண்டியில் ஏற்றும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சதுப்புன்னா ஒரு வசதி இருக்கு மாமா. நடுவுல ஒரு மேட்டுல வில்லோ மரம் நிக்குது. மூணு பக்கமும் தண்ணி. மான் வந்தா ஒரே வழியாத்தான் வரணும். காத்து எப்படி அடிச்சாலும்..."

டெல்மர் மானின் காலைக் கீழே வைத்தான்.

"அப்பா," என்றான், "எனக்குச் சதுப்பே போதும்பா."