வழி திறந்த செய்தி

தெருமுனையில் டாக்சி ஹாரன் அலறியதும் சாவுக்கு அடித்த சட்டிமேளம் நின்றது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். புருஷனின் தலைமாட்டில் இருந்த கௌரியம்மாள் வாசலுக்கு ஓடினாள்.

இறங்கியவன் மகன் கோதண்டபாணி இல்லை. மருமகன் நாகராஜன் மட்டும்தான். அரக்கோணத்தில் பம்பாய் வண்டியைப் பெட்டி பெட்டியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"அடுத்த வண்டியில வருவான்" என்றாள் கௌரியம்மாள். "ஞாயித்துக்கெழம பம்பாய்ல எறங்கிடுவேன்னு எழுதியிருந்தானே. சுலோச்சனா, நீதான படிச்ச?"

"ஆங், அத்தை."

சுலோச்சனாவின் ரவிக்கைக்குள் அந்தக் கடிதம் வியர்வையில் நனைந்து கிடந்தது. அதில் பம்பாய் என்ற சொல்லே இல்லை.

கோதண்டபாணி சரக்குக் கப்பலில் எண்ணெய் போடும் வேலையில் இருந்தான். ஈரான், ஈராக் சண்டையில் அவன் கப்பல் வளைகுடாவுக்குள் மாட்டிக்கொண்டது. வெளியே வர ஹோர்முஸ் ஜலசந்தி ஒன்றுதான் வழி. சண்டை நின்றது, கப்பல்கள் போகத் தொடங்கிவிட்டன என்று ரேடியோ சொன்ன அன்று மாமனார் துளசிங்கம் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து ஒரு கிண்ணம் கஞ்சி முழுதாகக் குடித்தார். போன வாரம் கடிதம் வந்தபோது, பார்வை போன அந்தக் கண்கள் அவள் பக்கமே திரும்பியிருந்தன. கடிதத்தில் இருந்ததைப் படிக்க அவளுக்கு நா எழவில்லை. கப்பல் கிளம்பிவிட்டது என்று வாய்க்கு வந்ததைப் படித்தாள். "அப்படியா, சரிம்மா" என்றார் அவர். பிறகு டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார். அதற்கப்புறம் கப்பலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

இன்று விடியற்காலை போய்விட்டார்.

பிணம் கிடக்கும்வரை அந்தத் தெருவில் தறி ஓடக் கூடாது. பவர்லூம் சத்தம் அடங்கிப் போனதில் மலைக்கோயில் மணி வீட்டுக்குள்ளேயே அடிப்பது போலக் கேட்டது. மூன்றாவது ஐஸ் பாரும் கரைந்து, தண்ணீர் வாசற்படி வரை வந்துவிட்டது. தெருவின் பெரியவர் கிருஷ்ணன், பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார். துளசிங்கத்தின் தம்பி மகன் மணவாளன் கொள்ளி வைக்கட்டும் என்றும் சொன்னார்.

"பெத்த புள்ள வந்துகினு இருக்கான். வேற ஒருத்தன் கையில கொள்ளியக் குடுத்துட்டு, நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" கௌரியம்மாள் பாடையைக் கட்ட விடவில்லை. பச்சை மூங்கில் வெட்டியபடியே கிடந்தது.

பந்தல் மூலையில் மணவாளன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து மூன்று முறை சுலோச்சனா காபி கொண்டுபோய் நீட்டினாள். மூன்று முறையும் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டான்.

மெட்ராஸில் கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு டிரங்கால் போட்டுக் கேட்டுவிடுகிறேன் என்று நாகராஜன் கிளம்பினான். ஏஜென்ட் என்ன சொல்வார் என்பது சுலோச்சனாவுக்குத் தெரியும். அவன் செருப்பை மாட்டுவதற்குள் குறுக்கே போய் நின்றாள்.

"போன் வேணாண்ணா."

கடிதத்தை எடுத்து நீட்டினாள். மை கலங்கியிருந்தது. நாகராஜன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

'ஜலசந்தி திறந்தாகிவிட்டது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். இங்கே நாங்கள் நகரவில்லை. தண்ணீரில் கண்ணிவெடி இருக்கிறதாம். தேடி எடுக்காமல் நங்கூரம் தூக்க மாட்டேன் என்கிறார் கேப்டன். எங்களுக்கு முன்னால் இருபத்தெட்டு கப்பல் நிற்கிறது. இன்னும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ தெரியாது. நைனாவிடம் நீதான் எப்படியாவது சொல்ல வேண்டும்.'

கௌரியம்மாள் கடிதத்தை வாங்கினாள். படிக்கத் தெரியாதவள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். சுலோச்சனா அடிக்குத் தயாராக நிற்பவள் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூலையில் மணவாளன் எழுந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றினான், சட்டையைக் கழற்றினான். இரண்டையும் கிருஷ்ணனிடம் கொடுத்துவிட்டு, சவரக்காரர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்தான். சுலோச்சனாவைத் தாண்டும்போது நின்றான்.

"முந்தாநாளே பெரியப்பா என்னைக் கூப்ட்டு சொல்லிட்டாரு, அண்ணி. 'தண்ணியில கண்ணிவெடின்னு ரேடியோவுல சொல்றான். அவன் கப்பல் நவுரல, கொள்ளி நீதான் வைக்கணும். ஆனா சுலோச்சனா தானா சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காத'ன்னாரு."