பெற்றவள் என்ற கட்டம்

துனீசியாவின் தெற்கே, வறண்ட உப்பு ஏரியின் ஓரத்தில் இருக்கும் பிர் ஸல்லூம் என்ற ஊரில் அந்தக் குளிர்காலத்தில் பதினோரு ஆண்கள் பிள்ளை பெற்றார்கள். பெற்றவர்களில் நால்வர் இறந்தார்கள். ஊர்ப் பதிவாளரான மொன்ஜியாவுக்குத் தீராமல் நின்ற சிக்கல் ஒன்றுதான்: பிறப்புப் படிவத்தில் பெற்றவன், பெற்றவள் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பெற்றவள் கட்டத்தில் யாரை எழுதுவது?

அந்த வருடம் மார்ச் மாதம் வானத்திலிருந்து ஏழு பேர் அந்த ஏரியில் இறங்கியிருந்தார்கள். பேசாதவர்கள், யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். அது பேரீச்சைக்கு மகரந்தம் வைக்கும் பருவம். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பினால் காய் பிடிக்காது. அதனால் மரமேறிகள் ஆண் பூச்சரத்தை வெட்டிக்கொண்டு பெண் மரத்தில் ஏறி, பாளையைப் பிரித்து உள்ளே சொருகி, நாரால் கட்டிவிட்டு இறங்குவார்கள். வந்தவர்கள் இதை நாற்பது நாள் நின்று பார்த்தார்கள். தலைமுதல் கால்வரை மஞ்சள் தூள் அப்பியிருந்த மரமேறிகள்தாம் இந்த உலகின் பூக்கள் என்று முடிவு செய்தார்கள். கிளம்பும்போது, உபசரித்ததற்குக் கைம்மாறாக, பதினோரு மரமேறிகளின் இடது விலாவிலும் ஆளுக்கொரு சிட்டிகைத் தூள் வைத்து, நாரால் கட்டிவிட்டுப் போனார்கள்.

விலா பருக்க ஆரம்பித்ததும் காப்பிக் கடையில், "என்னப்பா, புளிப்பா ஏதாவது தின்னணும்போல இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. கர்ப்பமானவர்கள் தெருவுக்கு வரக் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தது. கூடியவர்கள் கர்ப்பமாகாத ஆண்கள். அந்த வருடம் அறுவடைக்குப் பெண்கள் மரமேறினார்கள். விலா பாளைபோலத் தானாகப் பிளக்கும்வரை காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். அவசரத்தில் கத்தி வைக்கப்பட்ட நால்வரும் பிழைக்கவில்லை. குழந்தைகளுக்குப் பத்து விரல், கறுத்த கண். மூச்சு மட்டும் நிமிடத்துக்கு மூன்று.

பிறந்த பத்து நாளுக்குள் பதிய வேண்டும். முதல் பத்துக் குழந்தைகளுக்கும் மொன்ஜியா நடந்ததை நடந்தபடியே எழுதினாள்: பெற்றவள் கட்டத்தில் ஆணின் பெயர். தலைநகரிலிருந்து தாள் திரும்பி வந்தது, கூடவே ஒரு வெள்ளை வண்டி. தாயில்லாதது மனிதப் பிறவியல்ல, ஆய்வுக்கு வேண்டும் என்றார்கள். பத்தும் போயின. ஒன்றும் திரும்பவில்லை.

பதினோராவது, மொன்ஜியாவின் தம்பி லஸ்ஹருக்குப் பிறந்தது. மனைவியை இழந்து ஆறு வருடமானவன். வேறொரு பெண்ணின் பெயரைப் போட்டால் கல்யாணத் தாள் கேட்பார்கள். பத்தாம் நாள் காலை, குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு அவன் அலுவலகத்துக்கே வந்துவிட்டான்.

"அக்கா, வண்டி வந்தா என்னையும் சேத்து ஏத்தச் சொல்லு."

"வாயை மூடு. பச்ச உடம்புக்காரன், எதுக்குடா எழுந்து வந்த?"

அப்போதுதான் ரொட்டி சுடும் மப்ரூக்கா, மகளைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றின் நகல் கேட்டு வந்தாள். அதில் பெற்றவன் கட்டத்தில் ஸாலிஹ் பின் அப்துல்லா என்றிருந்தது.

"புருஷன் கையெழுத்து வேணும்," என்றாள் மொன்ஜியா.

"எந்தப் புருஷன், லல்லா?" மரியாதைச் சொல்லோடு கேட்டுவிட்டு மப்ரூக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அவன் பேரைக்கூடச் சொல்லாம பஸ் ஏறிட்டான். இந்த ஸாலிஹ் இருக்கானே, இவன் இந்த மேசையிலதான் பொறந்தான். உங்களுக்கு முன்னாடி இருந்த ஐயா, ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல பேனாவாலயே பெத்துக் குடுத்துட்டாரு!"

மொன்ஜியா விதிப் புத்தகத்தை எடுத்தாள். 'பெற்ற இருவரில் ஒருவர் இன்னாரெனத் தெரியாதபோது, பதிவாளரே ஒரு பெயர் சூட்டலாம்.' ஒருவர் என்றுதான் இருந்தது. அறுபது வருடமாக ஓடிப்போன ஆண்களுக்கு மட்டுமே பயன்பட்டதால், அது ஆணைத்தான் சொல்கிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள், அவளும்தான். போன பத்துக்கும் இது செல்லாது. அவற்றைப் பதியும் பத்து நாள் கடந்துவிட்டது. திரும்பி வந்த பத்துத் தாள்களையும் எடுத்து மேசையோரத்தில் வைத்தாள்.

பிறகு எழுதினாள். பெற்றவன்: லஸ்ஹர். பெற்றவள்: ஹாதியா பின்த் அப்துல்லா, இருப்பிடம் தெரியவில்லை. ஸாலிஹைப் போல அவளும் அந்த மேசையில்தான் பிறந்தாள். முத்திரை குத்தி அனுப்பினாள். தாள் திரும்பவில்லை, வண்டியும் வரவில்லை. வானத்திலிருந்து வந்தவர்கள் அடுத்த மார்ச்சிலும் வந்தார்கள்; அதன்பின் பிர் ஸல்லூமில் ஆண் பெற்ற பிள்ளைகளை இப்படித்தான் பதிகிறார்கள்.